இருமினா தும்மினா யூரின் கசியுதா? வீட்ல எப்படி ஆரம்பிக்கணும், எப்போ டாக்டர்கிட்ட போகணும்

எங்கம்மா வெளியூர் பஸ் ஏறணும்னா முந்தின நாள் ராத்திரியே தண்ணிய குறைச்சிடுவாங்க, காலைல காபி கூட வேணாம்பாங்க. பஸ் ஸ்டாண்ட் பாத்ரூமுக்கு பயந்துதான் இப்படி பண்றாங்கன்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம். எனக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து நாலாவது மாசம், தும்மும்போது கசிய ஆரம்பிச்சுது, அப்போ அம்மாகிட்ட மெதுவா சொன்னேன். "உன்ன பெத்ததுல இருந்து எனக்கும் அப்படித்தான்டி, பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்"னு காய் நறுக்கிக்கிட்டே சொன்னாங்க. முப்பத்தோரு வருஷம். அப்பாவுக்கு கூட தெரியாது.

அன்னைக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான் இது. படிக்க படிக்க கோவம் வந்துச்சு, ஏன்னா இதுக்கு முதல் வைத்தியம் மாத்திரையும் இல்ல, ஆபரேஷனும் இல்ல, அடி இடுப்பு தசைய இறுக்கி விடற, அஞ்சு பைசா செலவில்லாத ஒரு பயிற்சி, அத ஆர்னால்டு கெகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1948லயே எழுதி வச்சிட்டாரு. அதுக்கப்புறம் உலகம் பூரா சோதிச்சு பாத்தாச்சு. 2018ல கோக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசுற ஒரு சர்வதேச குழு 14 நாடுகள்ல நடந்த 31 ஆய்வுகள, மொத்தம் 1817 பெண்கள, ஒண்ணா சேத்து பாத்தாங்க. இருமும்போது கசியுற வகை பெண்கள மட்டும் எடுத்து, குணமாச்சான்னு கேட்ட ஆய்வுகள்ல, பயிற்சி செஞ்சவங்கள்ல 100க்கு 56 பேர் சரியாயிடுச்சுன்னு சொல்லிருக்காங்க, ஒண்ணும் செய்யாதவங்கள்ல 6 பேர்தான். இவ்ளோ நல்ல வித்தியாசம் இருக்குற ஒரு வைத்தியம் எங்கம்மா காதுக்கு முப்பது வருஷமா வரவே இல்ல.

நான் டாக்டர் இல்ல, படிச்சதையும் ஒரு நல்ல பிசியோ அக்கா எங்களுக்கு சொல்லி குடுத்ததையும் வச்சு எழுதுறேன். ஆனா முதல்ல இத படிச்சிடுங்க: யூரின்ல ரத்தம், காய்ச்சலோட எரிச்சல், யூரின் வராம அடைச்சுக்கிறது, பீரியட்ஸ் நின்னதுக்கு அப்புறம் ரத்தப்போக்கு, திடீர்னு கால் மரத்துப்போய் பலவீனமாகி அடக்க முடியாம போறது, இதுல எது இருந்தாலும் பயிற்சி எல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி. கால் மரத்து அடக்க முடியாம போறது தண்டுவடம் சம்பந்தப்பட்ட அவசரம், விடியட்டும்னு காத்திருக்க கூடாது.

முதல்ல எந்த வகைன்னு பாருங்க

பெரும்பாலும் ரெண்டு வகை. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குறது, மாடிப்படி, இப்படி வயித்துல அழுத்தம் வரும்போது சொட்டுறது ஒண்ணு. இன்னொண்ணு, திடீர்னு அவசரமா முட்டிக்கிட்டு வந்து கதவு தாழ்ப்பாள் திறக்குறதுக்குள்ள போயிடறது, பைப்ல தண்ணி சத்தம் கேட்டாலே வர்றது, ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்கிறது. நெறய பேருக்கு ரெண்டும் கலந்து இருக்கும். எனக்கு முதல் வகை, அம்மாவுக்கு ரெண்டும்.

இத கண்டுபிடிக்க மெஷின் வேணாம், ஒரு நோட்டு போதும். மூணு நாள் எழுதுங்க, அதுல ஒரு நாள் வேலை இருக்குற நாளாவும் ஒரு நாள் வீட்ல இருக்குற நாளாவும் இருக்கட்டும். எத்தன மணிக்கு என்ன குடிச்சீங்க எவ்ளோ, எத்தன மணிக்கு யூரின் போனீங்க எவ்ளோ, எப்போ கசிஞ்சுது, அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க. அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அளவு கப் தனியா வச்சுக்கோங்க, அருவருப்பா இருந்தாலும் அளங்க ப்ளீஸ், ஏன்னா அளவுலதான் விஷயமே இருக்கு. சிறுநீர்ப்பைக்கு சாதாரணமா 300ல இருந்து 500 மில்லி வரைக்கும் பிடிக்கும், பகல்ல ஏழெட்டு தடவ போறது நார்மல். எங்கம்மா நோட்டுல ஒவ்வொரு தடவையும் 80, 100ன்னு இருந்துச்சு, பாத்ரூம் போனது 14 தடவ. அதாவது பை நிறையவே விடல, "எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துடறேன்"னு போய் போய் அது சின்ன அளவுக்கே பழகிடுச்சு. அதே சமயம் ஒவ்வொரு தடவையும் 400க்கு மேல, ஒரு நாளைக்கு மூணு லிட்டருக்கு மேல போகுதுன்னா சுகர் டெஸ்ட் பண்ணுங்க. யூரின் டெஸ்ட் எல்லாருமே ஒரு தடவ பண்ணிடறது நல்லது, இன்ஃபெக்‌ஷன் இருந்தா என்ன பயிற்சி பண்ணாலும் நிக்காது.

அந்த தசை எங்க இருக்கு

முன்பக்கம் இடுப்பெலும்புல இருந்து பின்னாடி வாலெலும்பு வரைக்கும் குழந்தைக்கு கட்டுற தூளி மாதிரி ஒரு தசை கட்டியிருக்கு. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் கீழேருந்து தாங்குது. மிச்சிகன் பல்கலைக்கழகத்து டாக்டர் ஜான் டிலான்சி 1994ல இந்த தாங்குதல பத்திதான் எழுதினாரு. தோட்டத்து ஹோஸ் பைப்ப சிமெண்ட் தரைல வச்சு மிதிச்சா தண்ணி நின்னுடும், சேத்துல வச்சு மிதிச்சா பைப் உள்ள அமுங்கி தண்ணி போய்க்கிட்டே இருக்கும் இல்லயா, அதேதான், இருமல் வந்து மேலேருந்து அமுக்கும்போது யூரின் குழாய்க்கு அடியில இருக்குற தாங்கல் கெட்டியா இருந்தா குழாய் மூடும், பிரசவத்துலயும் வயசாகும்போதும் அது தளர்ந்து போயிருந்தா மூடாது.

இப்போ அத கண்டுபிடிக்கிற முறை. படுத்து முட்டிய மடக்கிக்கோங்க. நாலு பேர் நடுவுல காத்து பிரியாம அடக்குவோமே, அப்படி பின்பக்கத்த இறுக்குங்க, அந்த இறுக்கத்த அப்படியே முன்பக்கம் கொண்டு வந்து, உள்ள மேல்நோக்கி தூக்குங்க. இறுக்குறது பாதிதான், உள்ள தூக்குறதுதான் மீதி. தொடை, பிட்டம், வயிறு எதுவும் விறைக்க கூடாது, மூச்சு நிக்க கூடாது. ஒரு கைய தொப்புளுக்கு கீழ வச்சுக்கோங்க, வயிறு வெளிய தள்ளுச்சுன்னா தப்பா பண்றீங்க.

இந்த இடத்துல அவசரப்படாதீங்க, பெரும்பாலானவங்க தோக்குறது இங்கதான். 1991ல ஒரு ஆய்வுல 47 பெண்களுக்கு வாய்வார்த்தையா மட்டும் இந்த பயிற்சிய சொல்லி குடுத்து அளந்து பாத்தாங்க. சரியா செஞ்சவங்க 49 சதவீதம்தான். 25 சதவீதம் பேர் இறுக்குறதுக்கு பதிலா முக்கி கீழ தள்ளிட்டு இருந்தாங்க, அதாவது கசிவ அதிகமாக்குற மாதிரி. நானும் படிச்சு மட்டும் ஆறு வாரம் பண்ணிட்டு ஒண்ணும் மாறலன்னு விட்டுட்டேன், அப்புறம் பிசியோ பாத்துதான் நீங்க தள்ளுறீங்கன்னு சொன்னாங்க. அதனால ஒரு கண்ணாடி வச்சு பாருங்க, யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவுல இருக்குற இடம் உள்ள போகணும், வெளிய உப்ப கூடாது. இல்லன்னா கைய கழுவிட்டு ஒரு விரல உள்ள வச்சு இறுக்கி பாருங்க, விரல சுத்தி பிடிச்சு மேல இழுக்குற மாதிரி இருக்கணும். கல்யாணம் ஆகாதவங்களும் சங்கடப்படுறவங்களும் கண்ணாடியோட நிறுத்திக்கலாம். பெண் பிசியோவோ லேடி டாக்டரோ ஒரே ஒரு தடவ செக் பண்ணி குடுத்தா அது ஆறு மாச தேடலுக்கு சமம்.

யூரின் போயிட்டு இருக்கும்போது பாதியில நிறுத்தி பாக்க சொல்லுவாங்க, தசை எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவ பண்ணலாம், தினமும் அதையே பயிற்சியா பண்ணாதீங்க, பை முழுசா காலியாகாம போயிடும்.

எவ்ளோ, எத்தன நாள்

ஒரு தடவைக்கு 8 இறுக்கம், ஒரு நாளைக்கு 3 தடவ, குறைஞ்சது 3 மாசம். இங்கிலாந்துல எந்த வைத்தியம் சரின்னு டாக்டர்களுக்கு சொல்ற நைஸ்ங்கற அமைப்போட வழிகாட்டுதல் சொல்றது இதான். ஒவ்வொரு இறுக்கமும் முடிஞ்ச வரைக்கும் பலமா, 6ல இருந்து 8 விநாடி பிடிச்சு, அதே அளவு நேரம் முழுசா தளர விடணும், தளர விடறதும் பயிற்சிதான். ஆரம்பத்துல ரெண்டு மூணு விநாடிக்கே விட்டுப்போகும், பரவால்ல, வாரா வாரம் ஒரு விநாடி ஏத்துங்க. முதல்ல படுத்துக்கிட்டு, அப்புறம் உக்காந்து, அப்புறம் நின்னுக்கிட்டு, ஏன்னா நிக்கும்போதுதானே நமக்கு கசியுது. அம்மா காலைல விளக்கேத்திட்டு ஒண்ணு, மதியம் படுக்கும்போது ஒண்ணு, சீரியல் விளம்பரத்துல ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாங்க. மாற்றம் தெரிய ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும். பத்து நாள்ல விடறவங்கதான் அதிகம்.

மெஷின் வாங்கணுமான்னு கேக்குறாங்க. ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல விக்குது, வேணாம்னுதான் நான் சொல்லுவேன். பிரிட்டன்ல 600 பெண்கள வச்சு செஞ்ச ஒப்பல் ஆய்வு 2020ல வந்துச்சு, வெறும் பயிற்சி செஞ்சவங்களுக்கும் பயோஃபீட்பேக் மெஷினோட (தசை இறுகுறத அளந்து காட்டுறது) பயிற்சி செஞ்சவங்களுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு வித்தியாசமே இல்ல. நார்வேல காரி போ குழு 1999ல 107 பெண்கள வச்சு பயிற்சி, கரண்ட் வைத்தியம், உள்ள வைக்கிற எடைக்கூம்பு மூணையும் ஒப்பிட்டாங்க, பயிற்சிதான் ஜெயிச்சுது. லேசர்ல ஒரே சிட்டிங்ல சரி பண்றோம்னு விளம்பரம் வந்தா, அமெரிக்காவோட மருந்து, கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018லயே இந்த மாதிரி கருவிகள பத்தி எச்சரிக்கை விட்டுருக்குங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க. யோகா? 2024ல 240 பெண்கள வச்சு ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, 12 வாரம் யோகா செஞ்சவங்களுக்கு ஒரு நாளைக்கு கசிவு 2.3 தடவ குறைஞ்சுது, சாதாரண உடற்பயிற்சி செஞ்சவங்களுக்கு 1.9, ஸோ ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, புடிச்சா பண்ணுங்க, ஆனா தசைப்பயிற்சிய விட்டுட்டு பண்ணாதீங்க.

ஒரு முக்கியமான விஷயம், அடிவயித்துல தொடர்ந்து வலி, உறவு கொள்ளும்போது வலி இருக்குறவங்களுக்கு தசை தளர்ந்து போகாம அதிகமா இறுகி போயிருக்கலாம், அவங்க இன்னும் இறுக்கினா வலி கூடும். அவங்களுக்கு தளர விடற பயிற்சிதான் வேணும், தானா ஆரம்பிக்காம பிசியோகிட்ட காட்டுங்க.

ஒரே வாரத்துல பலன் தர்றது

தசை பலமாக மாசக்கணக்கு ஆகும், ஆனா ஒரு சூட்சுமம் உடனே வேலை செய்யும். இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, அதுக்கு ஒரு நொடி முன்னாடி இறுக்கி தூக்கி பிடிங்க, இருமி முடிச்சிட்டு விடுங்க. அவ்ளோதான். 1998ல மிச்சிகன் குழு வயசான பெண்கள் 27 பேருக்கு இத மட்டும் சொல்லி குடுத்து ஒரு வாரம் கழிச்சு பாத்தாங்க, நடுத்தரமா இருமும்போது கசிவு சராசரியா 98 சதவீதம், பலமா இருமும்போது 73 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஒரு வாரத்துல தசை வளந்திருக்காது, நேரம் பாத்து இறுக்குனதுதான் காரணம். குழந்தைய தூக்குறதுக்கு முன்னாடி, கேஸ் சிலிண்டர நகத்துறதுக்கு முன்னாடி, கிரைண்டர்ல இருந்து மாவு பாத்திரத்த தூக்குறதுக்கு முன்னாடி, எல்லாத்துக்கும் இதே. எனக்கு ரெண்டு வாரத்துல கையே தன்னால மூக்குக்கு போற மாதிரி இதுவும் தன்னால வர ஆரம்பிச்சுது.

அவசரமா முட்டுற வகைக்கு

இங்க வேலை பைக்கும் மூளைக்கும். அவசரம் வந்தா ஓடாதீங்க, ஓடினா குலுங்கி இன்னும் கூடும். நின்ன இடத்துல நில்லுங்க, முடிஞ்சா உக்காருங்க, அந்த தசைய டக் டக்னு அஞ்சாறு தடவ இறுக்கி விடுங்க. தசை இறுகும்போது பை சுருங்குறது அடங்கும், நம்ம உடம்புலயே இருக்குற ஏற்பாடு அது. அலை மாதிரிதான் வரும், ஏறும், அப்புறம் இறங்கும். இறங்கினதுக்கு அப்புறம் நிதானமா நடந்து போங்க.

கூடவே நேரத்த நீட்டணும். உங்க நோட்டுல சராசரியா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ போறீங்கன்னா, முதல் வாரம் ஒண்ணேகால் மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றரை, இப்படி 15 நிமிஷமா ஏத்தி மூணு மணி நேரம் வரைக்கும் கொண்டு போங்க. முழிச்சிருக்குற நேரத்துல மட்டும். ஆறு வாரமாவது விடாம செய்யணும். 1998ல பர்கியோ குழு 55ல இருந்து 92 வயசு வரைக்கும் இருந்த 197 பெண்கள மூணா பிரிச்சு பாத்தாங்க: பயிற்சி எடுத்தவங்களுக்கு கசிவு 81 சதவீதம் குறைஞ்சுது, ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை எடுத்தவங்களுக்கு 69, மருந்தே இல்லாத வெத்து மாத்திரைக்கு 39. 92 வயசு பாட்டியும் அதுல இருந்திருக்காங்க, அதனால எனக்கு வயசாயிடுச்சுன்னு யாரும் சொல்ல வேணாம்.

தண்ணிய நிறுத்தாதீங்க. யூரின் கெட்டியானா பை எரிச்சலாகி இன்னும் அவசரம் வரும், மலச்சிக்கல் வேற சேரும், முக்கி முக்கி தூளி இன்னும் தளரும். ஒன்றரைல இருந்து ரெண்டு லிட்டர், வெயில்ல வேலை பாக்குறவங்க அதுக்கு மேல. சாயங்காலத்துக்கு அப்புறம் மட்டும் குறைச்சுக்கோங்க. காபி டீய ரெண்டு வாரம் பாதியாக்கி நோட்டுல பாருங்க, அம்மாவுக்கு நாலு டம்ளர் காபி ரெண்டானதுலயே ராத்திரி எந்திரிக்கிறது ஒண்ணு குறைஞ்சுது. உடம்பு அதிகமா இருந்தா, அமெரிக்கால 338 பெண்கள வச்சு 2009ல வந்த ஆய்வுல 8 சதவீத எடை குறைஞ்சவங்களுக்கு வாரத்துல கசியுற தடவை 47 சதவீதம் குறைஞ்சுது, எடை பெருசா குறையாத குழுவுல 28. 75 கிலோ இருக்குறவங்களுக்கு 6 கிலோ, ஒல்லியாகணும்னு இல்ல.

அடி இறங்கின மாதிரி இருந்தா

கீழ ஏதோ உருண்டையா தட்டுப்படுது, சாயங்காலம் ஆனா கனமா இழுக்குதுன்னா கர்ப்பப்பை இறக்கமா இருக்கலாம். இத மறைக்கிறவங்கதான் அதிகம். மகாராஷ்டிரா கட்சிரோலில டாக்டர் ராணி பங், அபய் பங் ரெண்டு பேரும் ரெண்டு கிராமத்துல 650 பெண்கள பரிசோதிச்சு 1989ல எழுதினாங்க, 92 சதவீதம் பேருக்கு பெண்நோய் ஏதோ ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட இதுக்காக காட்டினவங்க 8 சதவீதம். நம்ம தெருவுல எண்ணி பாத்தாலும் இந்த கணக்கு எனக்கு ஆச்சரியமா இல்ல.

இறக்கம்னா உடனே கர்ப்பப்பைய எடுக்கணும்னு பயந்துதான் போக மாட்டேங்குறாங்க. லேசான இறக்கத்துக்கு இதே பயிற்சி தொந்தரவ குறைக்கும், 2014ல வந்த பாப்பி ஆய்வுல 447 பெண்கள்ல அத பாத்திருக்காங்க. அதுக்கு மேலன்னா பெஸ்ஸரின்னு ஒரு சிலிகான் வளையம், டாக்டர் அளவு பாத்து உள்ள வச்சு விடுவாங்க, சரியா பொருந்தினா உள்ள இருக்கறதே தெரியாது, பழகிட்டா நம்மளே எடுத்து கழுவி வைக்கலாம். நெதர்லாந்துல 440 பெண்கள்ல பெஸ்ஸரியையும் ஆபரேஷனையும் ஒப்பிட்டு 2022ல வந்த ஆய்வுல, பெஸ்ஸரி குழுவுல 76 சதவீதம் பேரும் ஆபரேஷன் குழுவுல 82 சதவீதம் பேரும் நல்லாயிருக்குன்னு சொன்னாங்க, ஆனா பெஸ்ஸரில ஆரம்பிச்சவங்கள்ல பாதிக்கு மேல ரெண்டு வருஷத்துல ஆபரேஷனுக்கு போயிட்டாங்க. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. ஆபரேஷன மட்டும் சொல்லிட்டு பெஸ்ஸரிய பத்தி யாரும் பேசலன்னா நீங்களே வாய திறந்து கேளுங்க.

பீரியட்ஸ் நின்னவங்களுக்கு திரும்ப திரும்ப யூரின் இன்ஃபெக்‌ஷன் வருதுன்னா யோனில போடுற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. இஸ்ரேல்ல 93 பெண்கள்ல நடந்து 1993ல வந்த ஆய்வுல க்ரீம் போட்டவங்களுக்கு வருஷத்துக்கு சராசரி 0.5 தடவ, மருந்தில்லாத வெத்து க்ரீம் போட்டவங்களுக்கு 5.9 தடவ இன்ஃபெக்‌ஷன். மார்பக புற்றுநோய் வந்தவங்க கட்டாயம் அத சொல்லிட்டு பேசணும்.

மாத்திரை, போடாக்ஸ், ஆபரேஷன்

மாத்திரை அவசர வகைக்குத்தான், இருமல் வகைக்கு வேலை செய்யாது. ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் இதெல்லாம் வாய் வறட்சி, மலச்சிக்கல் குடுக்கும். இந்த வகை மாத்திரைகள வருஷக்கணக்கா எடுக்குற வயசானவங்களுக்கு மறதி நோயோட தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் வந்திருக்கு, அதனால அம்மா அப்பா வயசுல இருக்குறவங்களுக்கு எழுதி குடுத்தா மிராபெக்ரான் ஒத்துவருமான்னு கேட்டு பாருங்க, அதுக்கு பிபி செக் பண்ணிக்கணும். மாத்திரையும் கேக்கலன்னா பைக்குள்ள போடாக்ஸ் ஊசி. அமெரிக்கால 2012ல வந்த ஆய்வுல போடாக்ஸ் போட்டவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு கசிவு முழுசா நின்னுச்சு, மாத்திரைல 13, ஆனா இன்ஃபெக்‌ஷன் போடாக்ஸ்ல 33 சதவீதம், மாத்திரைல 13.

இருமல் வகைக்கு ஆபரேஷன்னா ஸ்லிங், யூரின் குழாய்க்கு அடியில ஒரு வலைநாடா வச்சு தாங்கறது. நெதர்லாந்துல 460 பெண்கள்ல 2013ல ஸ்லிங்கையும் பிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க, ஒரு வருஷத்துல முன்னேற்றம்னு சொன்னவங்க ஸ்லிங்ல 91 சதவீதம், பயிற்சில 64, பயிற்சில ஆரம்பிச்சவங்கள்ல 49 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க. கசிவு மிதமா இல்ல அதுக்கும் அதிகமா இருந்தவங்க அவங்க, அதனால நாள் பூரா பேட் நனையுறவங்க மூணு மாசம் ஒழுங்கா பயிற்சி பண்ணியும் நிக்கலன்னா குற்ற உணர்ச்சியே வேணாம், ஆபரேஷன் பத்தி பேசுங்க.

ஆனா வலை விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. கர்ப்பப்பை இறக்கத்துக்கு யோனி வழியா வைக்கிற வலைய அமெரிக்கால 2019 ஏப்ரல்ல எஃப்டிஏ விக்க கூடாதுன்னு நிறுத்திடுச்சு. ஸ்லிங் நாடா வேற, அதுக்கு அந்த தடை இல்ல, ஆனாலும் வலி, நாடா அரிச்சு வெளிய வர்றது மாதிரி பிரச்சனை சிலருக்கு வந்திருக்கு, இங்கிலாந்து 2018ல அதையும் நிறுத்தி வச்சு விசாரிச்சுது. ஸோ கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளுங்க: எனக்கு வைக்கப்போறது நாடாவா வலையா, அது இல்லாம நம்ம சொந்த திசுவ வச்சே தைக்கிற முறை இருக்கா, நீங்க வருஷத்துக்கு எத்தன பேருக்கு இத பண்றீங்க, பிரச்சனை வந்தா எடுக்க முடியுமா, எடுக்க யாரு இருக்காங்க. உள்ள வச்ச பொருளோட பேரும் நம்பரும் இருக்குற ஸ்டிக்கர டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒட்டி வாங்கி, அந்த மூணு நாள் நோட்டோட சேத்து ஒரே ஃபைல்ல பத்திரமா வையுங்க.